பதினோராவது கேள்வி

குழந்தைகள் ஆஸ்பத்திரியில் கொடுத்த படிவத்தில் மொத்தம் இருபத்தெட்டுக் கேள்விகள். முதல் பத்தைப் பெரியம்மா மளமளவென்று முடித்துவிட்டாள். என்ன எடையில் பிறந்தாள், எப்போது தவழ்ந்தாள், முதல் பல் எந்த மாதம் முளைத்தது, எல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். பதினோராவது கேள்வியில் பேனா நின்றது. ‘கர்ப்பமாக இருந்தபோது தாய் மது அருந்தியதுண்டா?’ பக்கத்தில் இரண்டு கட்டங்கள். ஆம், இல்லை.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். எதிரே ஒன்பது வயதுச் சிறுமி பொட்டு மீன்தொட்டிக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு, உள்ளே இருந்த மீன்களுக்கெல்லாம் உறவுமுறை வைத்துக்கொண்டிருந்தாள். “நீ சித்தப்பா. நீ அத்தை. நீ யாரு, புது மருமகளா?” காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். இவ்வளவு வாய் பேசுகிற பிள்ளையை எதற்கு இங்கே கூட்டி வந்திருக்கிறார்கள் என்று ஓர் அம்மாள் வாய்விட்டே கேட்டாள்.

பெரியம்மா ‘இல்லை’ கட்டத்தில் அழுத்தி ஒரு டிக் போட்டுவிட்டு, கண்ணிமைக்காமல் பன்னிரண்டாம் கேள்விக்குப் போனாள்.

பொட்டு அவள் பெற்ற பிள்ளை அல்ல. கூடப்பிறந்த தங்கையின் மகள். பிறந்தபோது குழந்தையைக் கையில் வாங்கிய நர்ஸ், “என்ன இது, ஒரு பொட்டு அளவுக்கு இருக்கு” என்று சொன்னாள். அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. பள்ளிப் பதிவேட்டில் வேறு நல்ல பெயர் ஒன்று இருந்தது. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று பொட்டுவும் சேர்ந்து திரும்பிப் பார்ப்பாள்.

தங்கை அப்போது ஒரு அழகு நிலையத்தில் முடி வெட்டிக்கொண்டிருந்தாள். கை சுத்தம், வேலை சுத்தம். குடி எப்போது தொடங்கியது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. முதலில் தூக்கம் வருவதற்காகக் குடித்தாள். பிறகு தூங்கி எழுந்திருக்கவே குடிக்க வேண்டியதாயிற்று. வயிற்றில் மூன்று மாதமாக இருந்தபோது, வெளியூருக்கு வேலைக்குப் போகிறேன் என்று போன கணவன் போனவன் போனவன்தான். அதற்குப் பிறகு அவளைத் தடுக்க அந்த வீட்டில் ஆளில்லை. குழந்தைக்கு ஆறு மாதம் ஆனபோது, ஒரு நாள் காலை பத்து மணிக்குப் பெரியம்மா தங்கை வீட்டுக்குப் போனாள். கதவு திறந்தே கிடந்தது. தங்கை தரையில் தூங்கிக்கொண்டிருந்தாள். நனைந்த துணியில் கிடந்த குழந்தை அழுது ஓய்ந்து, குரல் கம்மி விக்கிக்கொண்டிருந்தது.  பெரியம்மா கையில் கிடைத்த நாலு துணியைப் பையில் திணித்தாள், குழந்தையைத் தோளில் போட்டாள், பஸ் ஏறினாள்.

அது நடந்து எட்டரை வருடம் ஆகிவிட்டது. அதற்குள் தங்கை இரண்டு தடவை சிகிச்சைக்குப் போய் இரண்டு தடவையும் வழுக்கினாள். மூன்றாம் தடவை பிடித்துக்கொண்டாள். குடியை விட்டு இப்போது நாலு வருடம். ஒரு பேக்கரியில் மாவு பிசைகிறாள். வாரம் ஒரு நாள், குடியை விட்டவர்கள் கூடும் கூட்டத்துக்குப் போகிறாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல், சூடு ஆறாத ரொட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு அக்கா வீட்டுக்கு வந்துவிடுவாள். பொட்டு அவளை அம்மா என்றுதான் கூப்பிடுவாள். ஆனால் காய்ச்சல் வந்தால் தேடுவது பெரியம்மாவை.

பெரியம்மாவுக்கு வேலை ஒரு பெரிய சலவைக்கூடத்தில். ஊரிலுள்ள எட்டுப் பத்து ஹோட்டல்களின் படுக்கை விரிப்பும் துண்டும் அங்கேதான் வெளுக்கும். பதினான்கு பெண்களுக்கு அவள் சூப்பர்வைசர். ஒரு மூச்சில் நாலு உத்தரவு போடுவாள், நாலும் நடந்துவிடும். அவளுடைய வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க இருட்டுக் குழிக்குள் தொங்கிக்கொண்டு வேலை பார்ப்பதால், வீட்டுக்கு வந்தால் வெளிச்சமாக ஏதாவது பேச வேண்டும் என்று நினைக்கிற மனுஷன். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. பொட்டு வந்த பிறகு அந்தக் குறையை யாரும் பேசியதும் இல்லை.

பள்ளிக்கூடம் சேர்க்கும்வரை எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. அதன் பிறகுதான் வினை. பொட்டு திங்கட்கிழமை ஏழாம் வாய்ப்பாட்டைத் தண்ணீர்பட்ட பாடாக ஒப்பிப்பாள். செவ்வாய்க்கிழமை கேட்டால், ஏழாம் வாய்ப்பாடு என்று ஒன்று உலகத்தில் இருப்பதே தெரியாதவள் போல முழிப்பாள். அரை மணி நேரம் பொறு என்றால் அது எவ்வளவு என்று அவளுக்குப் பிடிபடாது. கைகால் கழுவிட்டு, யூனிஃபார்மை மாத்திட்டு, பையை எடுத்துட்டு வா என்று சொன்னால், கைகால் கழுவப் போன இடத்தில் தண்ணீரோடு பேசிக்கொண்டு நிற்பாள். மூன்று ஸ்வெட்டர் தொலைத்தாள். ஒருமுறை ஒற்றைச் செருப்போடு வீடு வந்தாள், இன்னொன்று எங்கே என்று கேட்டதும்தான் குனிந்து பார்த்தாள். ‘நீ என் ஃபிரண்டு’ என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், மதியச் சாப்பாட்டை டப்பாவோடு தூக்கிக் கொடுத்துவிடுவாள்.

வகுப்பு டீச்சருக்குப் பொட்டு மேல் கோபம் இருந்தது. இத்தனை அழகாகப் பேசத் தெரிந்தவளுக்குக் கணக்கு மட்டும் வராமல் போகுமா, வேண்டுமென்றே செய்கிறாள், உடம்பு பூராவும் சோம்பேறித்தனம் என்றார். எதற்கும் ஒரு தடவை டாக்டரிடம் காட்டிப் பாருங்களேன் என்று அவர்தான் சொன்னார். அப்படி வந்ததுதான் அந்தப் படிவம்.

குழந்தை வளர்ச்சியைப் பார்க்கிற அந்த டாக்டரம்மா நிதானமானவர். பொட்டுவைப் படம் வரையச் சொன்னார், கட்டைகளை அடுக்கச் சொன்னார், கதை கேட்டார். படிவத்தை இரண்டு முறை புரட்டினார். பதினோராவது கேள்வியில் அவர் விரல் ஒரு நொடி நின்றதைப் பெரியம்மா பார்த்தாள். பிறந்த எடை ரொம்பக் குறைவாக இருக்கிறதே, கர்ப்ப காலத்தில் ஏதாவது சிக்கல் இருந்ததா என்று கேட்டார். அப்படியெல்லாம் ஒன்றுமில்லை, எங்கள் குடும்பத்தில் எல்லோருமே சின்ன உடம்பு என்று சொன்னாள் ஐந்தடி ஏழு அங்குலப் பெரியம்மா. டாக்டர் மேற்கொண்டு கேட்கவில்லை. காரணம் தெளிவாகப் பிடிபடவில்லை, ஆறு மாதம் பார்ப்போம், தினமும் கொஞ்சம் பயிற்சி கொடுங்கள் என்று அனுப்பிவிட்டார்.

பயிற்சி என்ற சொல் பெரியம்மாவிடம் போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும்? தினமும் சாயங்காலம் ஆறிலிருந்து எட்டுவரை சமையலறை மேஜையில் வாய்ப்பாடு. ஏழாம் வாய்ப்பாட்டை இருபது தடவை எழுத வேண்டும். பொட்டு எழுதுவாள். எழுதி முடித்த நோட்டை மூடிவிட்டுக் கேட்டால் சொல்லவும் சொல்வாள். மறுநாள் காலையில் பஸ் நிறுத்தத்தில் கேட்டால் துடைத்துவிட்ட கரும்பலகை. வீட்டுக்காரர் இரண்டொரு தடவை, போதும், பிள்ளை முகம் வாடிப்போகிறது என்று சொல்லிப் பார்த்தார். பெரியம்மா காதில் அது விழவில்லை.

ஒரு நாள் பொட்டு பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள், “பெரியம்மா, என் தலைக்குள்ள எழுதினா அழிஞ்சு போயிடுது. பென்சில்லதான் எழுதுறாங்க போல. நீ பேனாவால எழுதிவிடேன்.”

 பெரியம்மா நோட்டைத்தான் அவள் பக்கம் தள்ளினாள்.

இரண்டு மாதம் கழித்துப் பள்ளியிலிருந்து கடிதம் வந்தது. இந்த வருடம் தேறாவிட்டால் பொட்டுவை அதே வகுப்பில் உட்கார வைக்க வேண்டியிருக்கும், இல்லையென்றால் வேறு பள்ளி பாருங்கள் என்று எழுதியிருந்தது. அன்று சலவைக்கூடத்தில் இரண்டு மெஷின் பழுது. பெரியம்மா வீடு வந்தபோதே முகம் சரியில்லை. ஏழு எட்டு எத்தனை என்று கேட்டாள். பொட்டு சிரித்தாள். பயந்தால் சிரிப்பது அவள் வழக்கம், ஆனால் அது அப்போது யாருக்கும் தெரியாது. பெரியம்மா மர ஸ்கேலை எடுத்து அவள் முன்கையில் ஒன்று வைத்தாள். எட்டரை வருடத்தில் முதல் அடி. பொட்டு அழவில்லை. கையைப் பார்த்தாள், ஸ்கேலைப் பார்த்தாள், பிறகு, “நான் கெட்ட பொண்ணா பெரியம்மா?” என்று கேட்டாள், விடை தெரியாத இன்னொரு கேள்வியைக் கேட்பது போல.

ஞாயிற்றுக்கிழமை தங்கை வந்தாள். ரொட்டியை வெட்டிக்கொண்டிருந்தவள் கண்ணில் பொட்டுவின் கையிலிருந்த தடம் பட்டது. நீளமாக, ஓரத்தில் மஞ்சள் பாரித்திருந்தது. கத்தியைக் கீழே வைத்தாள். பொட்டுவைப் பெரியப்பாவோடு மாடிக்கு அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

பெரியம்மா சண்டைக்குத் தயாராகத்தான் நின்றாள். என் பிள்ளையை அடிக்க நீ யார் என்று மட்டும் தங்கை கேட்கட்டும், அதற்குச் சொல்ல எட்டரை வருடத்துப் பதில் அவளிடம் இருந்தது. தங்கை அதைக் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் என்ன சொன்னார்கள், என்னென்ன கேட்டார்கள் என்று மட்டும் விசாரித்தாள். பெரியம்மா சொல்லிக்கொண்டே வந்து, ஓரிடத்தில் விழுங்கினாள்.

“நான் குடிச்சேனான்னு கேட்டாங்களா?”

“கேட்டிருந்தாங்க.”

“நீ என்ன எழுதின?”

“வேற என்ன எழுதச் சொல்ற? இல்லைன்னுதான்.”

தங்கை நாற்காலியில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கையிலிருந்த மாவுத் துணுக்கை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

“எனக்காக எழுதினியாக்கா, உனக்காக எழுதினியா?”

பெரியம்மா மேஜையில் கிடந்த ரொட்டித் துணுக்குகளைக் கூட்டத் தொடங்கினாள். தங்கைக்கு ஞாபகம் இருக்காது என்றுதான் இத்தனை நாளும் அவள் நம்பியிருந்தாள். கர்ப்பத்தின் ஏழாம் மாதத்தில், பிரசவம் ஆகும்வரைக்கும் என்று தங்கையை இந்த வீட்டுக்கே கொண்டுவந்து வைத்திருந்தாள். இங்கே ஒரு சொட்டு கிடையாது என்று சொல்லிவிட்டாள். இரண்டாம் நாள் தங்கைக்கு உடம்பெல்லாம் நடுக்கம். வியர்த்து ஊற்றியது, சுவரில் ஏதோ ஊர்கிறது என்றாள். பெரியம்மா பயந்துபோனாள். டாக்டரிடம் போனால் மானம் போய்விடும். அவளே கடைக்குப் போய், முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு ஒரு பாட்டில் வாங்கி வந்தாள். அவளே டம்ளரில் ஊற்றி, தலையைத் தூக்கிப் பிடித்துக் கொடுத்தாள். கொஞ்சமாகக் குடித்தால் ஒன்றும் ஆகாது என்று சொல்லிச் சொல்லிக் கொடுத்தாள். அதற்கப்புறம் குழந்தை பிறக்கும்வரை, தினமும் அளந்து கொடுத்தது அவள் கைதான். வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது.

“நீ குத்தம் சொல்றியா?” என்றாள் பெரியம்மா. 

“குத்தம் சொல்ல எனக்கு ஏதுக்கா யோக்கியதை? ஒவ்வொரு வாரமும் கூட்டத்துல, பேர் தெரியாத இருபது பேர் முன்னாடி எழுந்து நின்னு எல்லாத்தையும் சொல்றேன். அதைக் கேட்டு அவங்களுக்கு ஒண்ணும் ஆகப்போறதில்ல. அதைத் தெரிஞ்சுக்கிட்டா வைத்தியம் பாக்கக்கூடிய ஒரே ஆள்கிட்ட மட்டும் மறைச்சு வச்சிருக்கோம்.”

பெரியம்மா விடவில்லை. பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்றாள். அது எழுத்தில் ஏறிவிட்டால் ஆயுசுக்கும் அழியாது, நாளைக்கு வளர்ந்து அவளே அதைப் படித்தால் உன்னை என்ன நினைப்பாள் என்றாள். எல்லாவற்றுக்கும் தங்கை தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். கடைசியில், “படிக்கட்டும். தான் சோம்பேறின்னு நினைச்சுக்கிட்டு வளர்றதுக்கு, அம்மா குடிகாரியா இருந்தான்னு தெரிஞ்சுக்கிட்டு வளரட்டும்” என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

அந்த வாரமே மூன்று பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பொட்டு மீன்களை நலம் விசாரிக்கப் போய்விட்டாள். அறைக்குள் தங்கை கையைக் கட்டிக்கொண்டு, கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். எந்த மாதத்திலிருந்து, எவ்வளவு, எத்தனை நாளுக்கு ஒரு தடவை. ஒன்றையும் குறைக்கவில்லை, கூட்டவுமில்லை. டாக்டரம்மா புருவத்தைக்கூட உயர்த்தாமல் எழுதிக்கொண்டார். கடைசி மூன்று மாதம் என்று அவர் கேட்டபோது தங்கை வாயைத் திறந்தாள். ஆனால் பேச்சு பெரியம்மாவிடமிருந்து வந்தது.

“கடைசி மூணு மாசம் நான்தான் ஊத்திக் கொடுத்தேன், டாக்டர். நடுங்கினா. பார்க்கச் சகிக்கல. கொஞ்சம்தானேன்னு நினைச்சேன். ஃபார்ம்ல பொய் எழுதினதும் நான்தான்.”

பதினான்கு பெண்களை விரல் நுனியில் ஆட்டிவைக்கிற மனுஷி, கைக்குட்டையைக் கசக்கிக்கொண்டு பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தாள். டாக்டர் பேனாவை மூடினார். அந்த மாதிரி நடுக்கம் வரும்போது சட்டென்று நிறுத்துவதும் ஆபத்துதான், ஆஸ்பத்திரியில் வைத்துப் படிப்படியாக நிறுத்தியிருக்க வேண்டும், உங்களுக்கு அதைச் சொல்ல ஆள் இல்லை என்றார். கர்ப்பத்தில் இவ்வளவு குடித்தால் பரவாயில்லை என்று ஓர் அளவே கிடையாது என்பதையும் சொன்னார். ஆறுதலுக்காக எதையும் மழுப்பவில்லை. ஆனால் நீங்கள் இன்றைக்குச் சொன்னதால் எனக்கு ஆறு மாத வேலை மிச்சம் என்றார்.

அடுத்த மூன்று வாரம் வேறு சோதனைகள் நடந்தன. முடிவில் டாக்டர் அவர்களை உட்கார வைத்து விளக்கினார். வயிற்றில் இருக்கும்போதே மது பட்டதால் மூளை வளர்ச்சியில் ஏற்பட்ட பாதிப்பு இது. மருந்து கொடுத்து மாற்றக்கூடியது அல்ல. வாழ்நாள் முழுக்கக் கூடவே இருக்கும். ஞாபகம், நேரம், கணக்கு, ஒன்றுக்கு மேற்பட்டதை ஒரே சமயத்தில் மனத்தில் வைத்துக்கொள்வது, இவை அவளுக்குக் கஷ்டம். பேச்சு நன்றாக வருவதால் மற்றவை வராதது யார் கண்ணுக்கும் தெரியாது. அதனால்தான் இப்படிப்பட்ட பிள்ளைகள் திட்டும் அடியும் அதிகம் வாங்குகிறார்கள்.

“அவ அடம் பிடிக்கல. அவளால முடியல. இந்த ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்குப் புரிஞ்சிட்டா பாதி வைத்தியம் முடிஞ்சது” என்றார். பிறகு பெரியம்மாவைப் பார்த்து, “ஆறு மாசக் குழந்தையா தூக்கிட்டு வந்து ஒரே வீட்டுல, ஒரே கையில வளர்த்திருக்கீங்க. இவ இப்படி வாய் நிறையப் பேசறதுக்கும், மனுஷங்களை நம்பறதுக்கும் அதுக்குப் பெரிய பங்கு இருக்கு. ஸ்கேலை மட்டும் தூக்கிப் போட்டுடுங்க” என்றார். பொட்டு அதையும் அவரிடம் சொல்லியிருந்தாள்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது பெரியம்மா வீட்டுக்காரரிடம் பாட்டில் விஷயத்தைச் சொன்னாள். அவர் சாப்பிடுவதை நிறுத்தினார். பிறகு, “ஒம்பது வருஷம் தனியாவா சுமந்த?” என்று கேட்டு, அவள் தட்டில் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினார்.

வேலை அதன்பிறகுதான் தொடங்கியது. ஒரு நேரத்தில் ஒரு காரியம் மட்டும் சொல்ல வேண்டும், அதைச் செய்து முடித்த பிறகுதான் அடுத்தது. இதைப் பொட்டு கற்றுக்கொள்வதற்கு முன் பெரியம்மா கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. நாலு உத்தரவு போட்டுப் பழகின வாய் ஒன்றோடு நிற்க மறுத்தது. வீட்டுக்காரர், “எல்லா மாடிக்கும் பட்டனை அமுக்கிட்டு, லிஃப்ட் ஏன் லேட்டுன்னு கேட்டா எப்படி?” என்பார். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பிப்பாள்.

சலவைக்கூடத்தில் ஒரு நாள், மலையாகக் குவிந்திருந்த துண்டுகளைப் பார்த்தபடி அவள் நின்றுவிட்டாள். எந்தத் துண்டு எந்த ஹோட்டலுடையது என்பதை அங்கே யாரும் மனப்பாடம் செய்வதில்லை. ஓரத்தில் ஒரு கலர் நூல் ஓடும். பச்சை என்றால் பச்சைக் கூடை, சிவப்பு என்றால் சிவப்புக் கூடை. இருபது வருட அனுபவம் உள்ளவளும் நூலைப் பார்த்துத்தான் போடுகிறாள், அவளை யாரும் மந்தம் என்று சொல்வதில்லை. அன்று மாலை கலர் நூல் கண்டுகளோடு வீட்டுக்கு வந்தாள். திங்கட்கிழமை நோட்டுகளுக்கு நீலம், செவ்வாய்க்குப் பச்சை. ஸ்வெட்டர், செருப்பு, சாப்பாட்டு டப்பா எல்லாவற்றிலும் பொட்டுவின் ஆரஞ்சு. வீட்டுக்காரர் ஒரு பலகையில் ஏழு சின்னக் கதவுகள் செய்து, ஒவ்வொன்றிலும் ஒரு படம் ஒட்டினார். பல் தேய்ப்பது, குளிப்பது, யூனிஃபார்ம், இப்படி. ஒன்றை முடித்ததும் பொட்டு அந்தக் கதவைச் சாத்துவாள். எல்லாக் கதவையும் சாத்தியாகிவிட்டால் கிளம்ப வேண்டும். முதல் வாரம் அவள் எல்லாக் கதவையும் ஒரே சமயத்தில் சாத்திவிட்டு, பல் தேய்க்காமல் பஸ் நிறுத்தத்தில் போய் நின்றாள். மூன்றாம் வாரம் ஏழரை மணிக்கு, யாரும் சொல்லாமல், தலை சீவித் தயாராக வாசலில் நின்றாள். பெரியம்மா கையில் கரண்டியோடு அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டரின் கடிதத்தோடு பள்ளிக்குப் போனது தங்கைதான். டீச்சர் முதலில் பிடிகொடுக்கவில்லை. முப்பத்தைந்து பிள்ளைகளுக்கு நடுவில் ஒருத்திக்கு மட்டும் தனிச் சட்டமா என்றார். இந்தப் பாதிப்பு எதனால் வந்தது என்று தங்கை தன் வாயாலேயே சொன்னபோது, அவர் டாக்டரின் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தார். பிறகு பொட்டுவை ஜன்னலோரச் சத்தத்திலிருந்து முன்வரிசைக்கு மாற்றினார். வாய்ப்பாட்டுத் தாளை மேஜையில் ஒட்டிவைத்து, பார்த்துப் போடட்டும் என்றார். பார்த்துப் போட ஆரம்பித்ததும் ஒரு வேடிக்கை தெரிந்தது. கணக்கை எப்படிப் போடுவது என்பது பொட்டுவுக்குப் புரிந்தே இருந்தது. எண்கள்தான் தலையில் தங்கவில்லை. ஒரு மாதம் கழித்து டீச்சரே போன் செய்து, நான் அந்தப் பிள்ளையை ரொம்பத் திட்டியிருக்கிறேன் என்று சொன்னார்.

பொட்டுவிடம் யார் சொல்வது, எப்படிச் சொல்வது என்பது மட்டும் பாக்கி இருந்தது. தங்கை அதையும் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சமையலறைத் தரையில் மகளுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பெரியம்மா அடுப்பைப் பார்ப்பது போல நின்றுகொண்டாள்.

“நீ என் வயித்துக்குள்ள இருந்தப்ப அம்மா சாராயம் குடிச்சேன். அது உன் மூளைக்குப் போய்க் காயம் பண்ணிடுச்சு. அதனாலதான் உனக்குச் சிலது மறந்து போகுது. அது உன் தப்பு இல்ல. என் தப்பு.”

பொட்டு யோசித்தாள். “இப்பவும் குடிக்கிறியா?”

“இல்ல.”

“இன்னும் ரொட்டி இருக்கா?” என்று கேட்டு வாங்கிக்கொண்டு மாடிக்கு ஓடிவிட்டாள். தங்கை தரையிலேயே உட்கார்ந்திருந்தாள். பெரியம்மா பக்கத்தில் வந்து அமர்ந்து, அவள் முதுகில் கையை வைத்தாள். ரொம்ப வருடத்துக்குப் பிறகு.

ஆனால் அது அத்தோடு முடியவில்லை. இரண்டு வாரம் கழித்துப் பொட்டு, “எனக்கு மட்டும் ஏன்மா மறந்து போகுது?” என்று கேட்டாள். முன்பு சொன்னதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. தங்கை மறுபடி எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னாள். மூன்று வாரம் கழித்து மறுபடியும். ஒருத்தி தன் வாழ்க்கையிலேயே சொல்லக் கூசுகிற ஒன்றைப் பெற்ற பிள்ளையிடம் ஒரு தடவை சொல்வதே பெரும்பாடு. தங்கை அதை ஆறு தடவை சொன்னாள், ஏழு தடவை சொன்னாள், ஒவ்வொரு தடவையும் அதே ஐந்து வாக்கியம், அதே நிதானம். பெரியம்மாவுக்குப் பொறுக்கவில்லை. நான் ஏதாவது சொல்லிச் சமாளிக்கிறேன், நீ விடு என்றாள். தங்கை சிரித்தாள். “டாக்டர் என்ன சொன்னாங்க? திரும்பத் திரும்பச் சொன்னா தங்கும்னாங்கல்ல?” என்றாள்.

தங்கத்தான் செய்தது. பொட்டுவுக்குப் பத்து வயது ஆன கொஞ்ச நாளில், கூடப் படிக்கிற பெண் ஒருத்தி வீட்டுக்கு விளையாட வந்திருந்தாள். வீட்டு மேஜையிலும் ஒட்டியிருந்த வாய்ப்பாட்டுத் தாளைக் காட்டி, உனக்கு மட்டும் ஏன் பார்த்துப் போட விடுகிறார்கள் என்று கேட்டாள். பெரியம்மா பதறி அடுத்த அறையிலிருந்து எழுந்தாள். அதற்குள் பொட்டு, மழை பெய்கிறது என்று சொல்வது போலச் சாதாரணமாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“வயித்துல இருந்தப்ப என் மூளையில காயம் பட்டுடுச்சு. அது என் தப்பு இல்ல. அம்மா இப்பக் குடிக்கிறதில்ல. நான் பாத்துப் போட்டா உன்னைவிட வேகமாப் போடுவேன், வா.”

அவள் சொன்ன நாலு வாக்கியத்தில் மூன்று, அம்மா சொல்லித் தங்கியவை. நாலாவதை அவளே சேர்த்துக்கொண்டாள். பெரியம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உடனே தங்கைக்குப் போன் செய்தாள். மறுமுனையில் பேக்கரி இரைச்சலைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது.

அந்த வருடம் பொட்டு அடுத்த வகுப்புக்குப் போனாள். நேரம் இன்னும் பிடிபடவில்லை. கடிகாரத்தைப் பார்ப்பாள், அது என்ன சொல்கிறது என்று மற்றவர்களைக் கேட்பாள். யாராவது ஃபிரண்டு என்றால் இன்னும் எதையாவது தூக்கிக் கொடுக்கிறாள். சில நாள் தலையைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள், அப்போது விளக்கை அணைத்துவிட்டுப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும் என்று எல்லோரும் கற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

தங்கை இரண்டு தெரு தள்ளி ஓர் அறையும் சமையலறையும் உள்ள வீட்டுக்குக் குடிவந்தாள். வாரத்தில் ஒரு நாள் பொட்டு அங்கே தங்கட்டும் என்ற யோசனையைச் சொன்னது பெரியம்மாதான். சொல்லிவிட்டு இரண்டு நாள் யாரோடும் சரியாகப் பேசாமல் திரிந்தாள். அந்தச் சனிக்கிழமை மாலை, பொட்டுவின் துணிப்பையைத் தானே தூக்கிக்கொண்டு நடந்தாள். தங்கை வாசலிலேயே நின்றிருந்தாள். பதற்றத்தில் அவளுக்கு வார்த்தை கொட்டியது. செருப்பைக் கழட்டிட்டு உள்ள வா, கையைக் கழுவு, பையை அந்தப் பக்கம் வை, உனக்கு என்ன வேணும், பால் குடிக்கிறியா என்றாள்.

பொட்டு உள்ளங்கையை உயர்த்தி அவளை நிறுத்தினாள்.

“அம்மா. ஒரு நேரத்துல ஒண்ணு.”

தங்கை அக்காவைப் பார்த்தாள். பெரியம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு பையைத் தங்கையின் கையில் கொடுத்தாள்.

“செருப்பைக் கழட்டு” என்றாள் தங்கை மெல்ல.

பொட்டு செருப்பைக் கழற்றினாள். இரண்டையும் சேர்த்துச் சுவரோரம் வைத்தாள். பிறகு அடுத்தது என்ன என்பது போல அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள்.